ஏத்து, இறக்கு

கட்டிலின் தலைமாட்டுக் காலைத் தோளால் முட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் விரல்களால் செங்கல்லைத் தள்ளித் தள்ளி அதன் அடியில் நுழைத்துக்கொண்டிருந்தாள் அவள். செங்கல் கலங்கிய தண்ணீருக்குள் இருந்தது. கட்டைவிரலால் தடவித்தான் இடம் பார்க்கவேண்டியிருந்தது. கட்டிலின் மேல் அவளுடைய மாமனார் படுத்திருந்தார்.

"இறக்கு" என்றார் மாமனார்.

"என்னத்த மாமா இறக்குறது? தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. இப்ப இறக்குனா மிதந்துக்கிட்டே தெருமுனை வரைக்கும் போயிடுவீங்க. கொஞ்சம் பொறுங்க, இந்த ஒரு கால்தான் பாக்கி."

"இறக்கு."

செங்கல் உள்ளே போய் உட்கார்ந்தது. தோளை மெதுவாக விலக்கினாள். கட்டில் ஒரு தரம் ஆடி நின்றது. அப்பாடா என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ஈரத்துணி கெண்டைக்காலில் அப்பிக்கொண்டு இழுத்தது. வாசல் பக்கமிருந்து ஒற்றைச் செருப்பு ஒன்று மிதந்து வந்து சமையலறைக்குள் திரும்பிப் போயிற்று. அது அவர்கள் வீட்டுச் செருப்பே இல்லை.

இதோடு சேர்த்து இரண்டே சொல்லைத் தவிர மாமனாரிடம் வேறு சொல் மிச்சமில்லை என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும். போன கோடையில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தார். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, அதோடு வாயிலிருந்த பேச்சையும் வழித்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டது அந்த வியாதி. பெற்ற மகனைப் பார்த்து ஒரு பெயர் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் குனிந்து, "ஏதாவது பேசுங்க பெரியவரே" என்று கேட்டபோது, கோணிய வாயோடு வெகுநேரம் தேடிப்பார்த்துவிட்டு, "ஏத்து" என்றார். மறுநாள் "இறக்கு" வந்தது. அதோடு சரி. லாரி ஷெட்டில் மூட்டை தூக்கி, பிறகு மூட்டை தூக்குகிறவர்களுக்கெல்லாம் மேஸ்திரியாகி, ஆயுசு முழுக்கக் கத்திய இரண்டு சொற்கள். மற்ற சொல்லெல்லாம் ஓடிப்போனபோது இவை மட்டும் விசுவாசமாக நின்றுவிட்டன.

இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் குடித்தனம் நடத்த முடியுமா என்றால், நடத்தினார். தலையணை உயரமாக வேண்டுமா, ஏத்து. டிவி சத்தம் போதவில்லையா, ஏத்து. போர்வை கழுத்துவரை வரவேண்டுமா, அதுவும் ஏத்துதான். கஞ்சி போதுமென்றால் இறக்கு. வெயில் முகத்தில் அடித்தால் ஜன்னல் திரையை இறக்கு. அவள் புருஷனோடு குரலை உயர்த்திச் சண்டை போட்டால் அதற்கும் உள்ளேயிருந்து ஓர் "இறக்கு" வரும். அதைக் கேட்டதும் சண்டை பாதியில் சிரிப்பாகிவிடும்.

எந்த ஏத்து எதற்கு என்று அந்த வீட்டில் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். அவள் வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொடுப்பவள். மெஷின் ஓடுகிற சத்தத்திலும் காது கட்டில் பக்கமே இருக்கும். "என்ன கேக்குறாரு?" என்று புருஷன் விழிப்பான். "ஃபேன கொறைக்கச் சொல்றாரு" என்பாள் தலையை நிமிர்த்தாமலே. போய்க் குறைத்தால் கிழவர் முகம் தெளிந்துவிடும். பெற்ற மகளாலேயே முடியாததைத் தான் செய்கிறோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஒருநாள்கூட அவள் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை.

இன்றைக்குத்தான் பிடிபடவில்லை.

தலையணையை இறக்கினாள். தலையை ஆட்டினார். திரையை இறக்கினாள். இல்லை. போர்வையை இடுப்புவரை இறக்கினாள், இடது காலைப் பிடித்துத் தாழ்த்தி வைத்தாள், இருமல் மருந்தைக்கூடக் காட்டிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே தலை ஆடியது. அவர் கண் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே எங்கேயோ போய் நின்றது.

"சத்தியமா புரியல மாமா. கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன், உங்க புள்ள வந்துடட்டும்."

பிள்ளை பேருந்து ஓட்டுகிறவன். காலையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாக வந்து, ஏரியைத் திறக்கப் போகிறார்கள், தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் வெளியேறவேண்டும் என்று கத்திவிட்டுப் போனது. ஊரார் வீட்டு ஜனங்களையெல்லாம் முகாமுக்கு ஏற்றிப்போகச் சொல்லி அவனைப் பணிமனைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சொந்த வீட்டில் இருவரும் தண்ணீரில் இருக்க, அவன் அடுத்தவர்களை ஏற்றிக்கொண்டிருந்தான். மாடிவீட்டு டீச்சர் படியில் நின்று, "மேல கூட்டிட்டு வந்துடும்மா" என்றுதான் சொன்னார். அந்தக் குறுகல் படியில் அசையாத உடம்பை ஒருத்தி எப்படித் தூக்குவது? டீச்சருக்கோ முழங்கால் வலி. சரி, அவன் வரட்டும் என்று விட்டாயிற்று.

வெள்ளம் அந்தத் தெருவுக்குப் புதிதில்லை. மழைக்காலம் என்றால் கால்வாய் ஒருமுறையாவது வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அப்போதெல்லாம் மாமனார் நடுக்கூடத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, லாரிக்கு லோடு அடுக்குவதுபோலவே சாமான் அடுக்கச் சொல்வார். "கனம் கீழ, காத்து மேல. மாத்தி வச்சா வண்டி சாயும்" என்பது அவர் வேதம். கனமான பொருளைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகாது, கிடக்கட்டும், துணிமணியை மேலே போடு என்பார்.

"தூக்கிட்டுப் போகாது மாமா, துருப்பிடிக்க வச்சுடும். என் மெஷின் மேலதான் போகணும்."

"மெஷின் மேல போனா மேல இருக்கறது கீழ வரும். என் தலமுறையில ஒரு லோடும் சரிஞ்சதில்ல, தெரியுமா?"

"இது லாரி இல்ல, வீடு."

"வீடும் ஒரு வண்டிதான், போ."

ஒவ்வொரு வருஷமும் இதே வழக்கு. கடைசியில் அவரே மெஷினின் தலையைக் கழற்றித் தூக்கிப் போய் டீச்சர் வீட்டில் வைத்துவிட்டு வருவார். இருவருக்கும் தோல்வி இல்லை.

இந்த வருஷம் தூக்க ஆள் இல்லை. அவளேதான் எல்லாம். கேஸ் சிலிண்டரைக் கழற்றி ஜன்னல் கம்பியில் கட்டினாள், மெயினை அணைத்தாள், அரிசி டின்னை மேடையில் ஏற்றினாள், ஆதார் அட்டை முதல் அத்தனை காகிதத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு கட்டிக்கொண்டாள். ஜன்னலுக்கு மேலே சுவரில் இரண்டு இரும்புத் தாங்கிகளின்மேல் ஒரு பலகை உண்டு. வழக்கமாக அதில் தலையணை, பழைய போர்வை, காகிதப் பூ வைத்த ஒரு ஜாடி இருக்கும். அவற்றை எடுத்துவிட்டுச் சீருடைத் துணிக்கட்டுகளை அடுக்கினாள். மழை ஒழுகினால் நனையாமலிருக்க முன்பக்கம் பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டாள். பிறகு முக்காலியில் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெஷினின் இரும்புத் தலையையும் அங்கேயே தூக்கி வைத்தாள். அதைக் காப்பாற்றிவிட்டால் போதும், வெள்ளம் வடிந்த மறுநாளே கையூன்றி எழுந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகுதான் கட்டிலுக்குச் செங்கல் வைக்கவே வந்தாள்.

எல்லாம் முடிந்து, முக்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கால்களைத் தூக்கிக் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தாமதம்.

"இறக்கு! இறக்கு!"

இவ்வளவு சத்தம் அவரிடமிருந்து பல மாதமாக வந்ததில்லை. இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்து இழுத்தார். மூட்டை தூக்கிய கையல்லவா, படுத்த படுக்கையிலும் அந்தப் பிடியில் பழைய பலம் கொஞ்சம் இருந்தது. வளையல் நசுங்க அவள் கட்டில் பக்கம் சாய்ந்தாள்.

"ஐயோ, என்ன மாமா? எங்க வலிக்குது? நெஞ்சா?"

சாய்ந்ததும் அடங்கினார். மூச்சு இரைத்தது. நெற்றியில் வியர்வை. சரியென்று அவள் நிமிர்ந்து முக்காலியில் உட்காரப் போக, மறுபடி இழுத்தார். வேறு வழியில்லாமல் கட்டிலின் விளிம்பிலேயே ஒருக்களித்து உட்கார்ந்து, அவர் மார்பைத் தடவிக்கொடுத்தாள். வெளியே யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. மழை விட்டிருந்தது. "இறக்கு" என்றார் இன்னொரு முறை, ரகசியம் சொல்வதுபோல. கண் மேலேயே நின்றது.

பிறகு அவர் சொல்லவில்லை. தூங்கிவிட்டாரென்று அவள் நினைத்தாள். கொஞ்ச நேரம் தூங்கட்டுமே என்று அசையாமல்கூட இருந்தாள், பைத்தியக்காரி! மார்பைத் தடவிக்கொண்டிருந்த கைக்கு அடியில் ஏறி இறங்கவேண்டியது ஏறி இறங்கவில்லை என்பது அவளுக்கு உறைக்க நேரமாயிற்று. உறைத்த பிறகும் என்ன செய்யவேண்டுமென்று தெரியவில்லை. அழவேண்டுமா, டீச்சரைக் கூப்பிடவேண்டுமா, போன் செய்யவேண்டுமா? மிதந்து வந்த பிளாஸ்டிக் குவளையைக் குனிந்து எடுத்தாள். அதிலிருந்த தண்ணீரைத் தண்ணீரிலேயே கொட்டினாள். குவளையைக் கவிழ்த்து மேடையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

புருஷன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வாசலிலேயே டீச்சர் சொல்லிவிட்டிருந்தார். உள்ளே வந்தவன் அப்பாவின் காலைத் தொட்டுக்கொண்டு நின்றான்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"இறக்குன்னாரு."

"எத?"

"தெரியலங்க" என்றாள். அந்த வீட்டில் அந்தப் பதிலை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

போனில் அரைகுறையாகத்தான் லைன் கிடைத்தது. அக்காவிடம் அவன் கத்தினான். "அக்கா, அப்பா போயிட்டாருக்கா!"

"போயிட்டாரா? எங்கடா போனாரு? நடக்க முடியாத மனுஷன இந்த வெள்ளத்துல எங்கடா அனுப்புனீங்க?"

"அய்யோ, அப்படிப் போகலக்கா..."

"பின்ன எப்படிப் போனாரு? போட்லயா?"

அவனால் அதற்குமேல் முடியவில்லை. போனை அவளிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் வாங்கி, "அண்ணி, மாமா தவறிட்டாரு" என்று சொன்னாள்.

மறுநாள் காலையில் மீட்புப் படகு தெருவுக்குள் வந்தது. கயிறு பிடித்திருந்தவர் ஜன்னல் பக்கம் குனிந்து, "எத்தனை பேரும்மா?" என்று கேட்டார்.

"மூணு பேர்" என்றாள்.

"ரெண்டு" என்றான் புருஷன்.

கயிற்றுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். செங்கல்மேல் உயர்ந்து நின்ற கட்டிலையும் அதன்மேல் முகம் வரை மூடிய வெள்ளைத் துணியையும் பார்த்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. அந்தப் பக்கம் கைக்குழந்தையோட நிக்கிறாங்க. உயிரோட இருக்கறவங்கள மொதல்ல ஏத்திடுறோம்" என்று சொல்லி, ரொட்டிப் பொட்டலம் ஒன்றை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். அந்த நாள் முழுவதும் அப்படித்தான். வந்தவர்களில் பாதிப்பேர் துக்கம் கேட்க வந்தார்கள், பாதிப்பேர் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று கேட்க வந்தார்கள். யாருக்கு எந்தப் பதில் சொல்வதென்று அவளுக்குக் குழம்பிப் போயிற்று. "பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "முழங்காலுக்கு மேல ஏறிடுச்சு" என்று சொல்லிவிட்டாள்.

டீச்சர் அவள் தலையைக் கோதியபடி, "போற உயிர் மேலதாம்மா பாக்கும். இந்த உடம்புலேருந்து இறக்கி விடுன்னு கேட்டிருப்பாரு. நீ மனச ஒழப்பிக்காத" என்றார். புருஷன் வேறு சொன்னான். அப்பாவுக்கு முதுகுவலி, கட்டிலே பிடிக்காது, வேலைக்குப் போன நாளெல்லாம் வெறுந்தரையில்தான் படுத்தார், தரைக்கு இறக்கச் சொல்லியிருப்பார் என்றான். சொல்லிவிட்டு, "நீ என்ன பண்ணுவ, தரையெல்லாம் தண்ணி" என்று அவனே முடித்தான். அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னான். ஆனால் அது நெஞ்சில் போய்த் தைத்துக்கொண்டது. இறக்கு, இறக்கு என்று கெஞ்சிய மனுஷனை இன்னும் ஒரு செங்கல் ஏற்றி வைத்திருக்கிறாள்!

மதியத்துக்கு மேல் லாரி ஷெட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தவருக்கு ஒத்தத்தோள் என்று பெயர். எந்தச் சுமையையும் இடது தோளில் மட்டுமே தூக்குகிறவர், மாமனாரோடு வாலிபத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கழற்றிய கதவு ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"பெரிய ரோட்டுல வண்டி நிக்குது. அதுவரைக்கும் நாங்க தூக்கிக்கறோம். மேஸ்திரிய மிதக்கவிட்டுக் கொண்டு போனா எங்களுக்கு மானம் போயிடும்" என்றார்.

அவரிடமும் அவள் கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஐயா, மாமா இறக்கு இறக்குன்னே சொன்னாரு. உங்க தொழில்ல அதுக்கு வேற ஏதாவது அர்த்தம் இருக்கா?"

ஒத்தத்தோள் யோசித்தார். "மூட்டைய ஏத்திக்கிட்டு ஒருத்தன் நடந்துடுவான்மா. ஆனா தலையில இருக்கறத தானே இறக்கிக்க முடியாது, கழுத்து ஒடிஞ்சுடும். இறக்குன்னு கொரல் குடுத்தா, பக்கத்துல இருக்கறவன் கைவேலைய விட்டுட்டு ஓடிவந்து ஒரு கை குடுக்கணும். அதுதான் எங்க சட்டம். அண்ணனுக்கு என்ன பாரம் இருந்துச்சோ, யாரு கண்டா?"

அவர் மனதில் கள்ளமில்லாமல்தான் சொன்னார். ஒரு கை கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

கதவின்மேல் கிடத்தி நால்வர் தோளில் தூக்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில், காலால் தடவித் தடவி, சாக்கடை மூடியில்லாத இடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள். அவள் பின்னாலேயே நடந்தாள். பெரிய சாலையில் நாத்தனார் கையில் செருப்போடு, கூந்தல் அவிழ்ந்து, ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. ஒத்தத்தோள் அடியில் கை கொடுத்து, பழக்க தோஷத்தில் தொண்டை கிழிய, "ஏத்து!" என்று கத்தினார். கத்தியபின் தானே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சத்தத்துக்கு வழக்கமாகப் பதில் கொடுக்கிற குரல் வண்டிக்குள் போய்விட்டிருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பும்போது நாத்தனார்தான் கேட்டாள், அழுது வீங்கிய முகத்தோடு. "இறக்குன்னு சொன்னவர ஏத்தி வச்சுட்டியாமே. நீதானே அவர் பேச்சு உனக்கு மட்டும்தான் புரியும்னு சொல்லுவ?"

அவள் நசுங்கிய வளையலை மணிக்கட்டில் திருகிக்கொண்டே நடந்தாள்.

தண்ணீர் வந்தபோது காட்டிய அவசரத்தைப் போகும்போது காட்டவில்லை. மெதுவாக இறங்கி, வீடு முழுக்கச் சேற்றைப் பூசிவிட்டுப் போயிற்று. சுவரில் பழுப்புக் கோடு ஒன்று எல்லா அறையையும் சுற்றி வந்தது. குப்பை முறத்தால் சேற்றை வாரி வாளியில் போட்டு வாசலில் கொட்டினார்கள். அவரைத் தூக்கிப் போனபின் இன்னும் ஏறிய தண்ணீரில் மெத்தை ஊறி இருவர் தூக்க முடியாத கனமாகிவிட்டது, அறுத்து எறிந்தார்கள். பிரஷர் குக்கரைத் திறந்தால் உள்ளே ஒரு தவளை, சொந்த வீடுபோல உட்கார்ந்திருந்தது. நாத்தனார்கூட ஒரு நிமிஷம் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக மறுபடி அழுதாள்.

வயரைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் சுவரைத் தட்டிப் பார்த்தார். "சொவரு நல்லாக் காயணும். அதுவரைக்கும் சுவிட்ச தொடாதீங்க. தரை ஈரம் போறவரைக்கும் ஏத்துன சாமான் ஏத்துனபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே மேலே இருந்ததெல்லாம் மேலேயே இருந்தது. நாத்தனார் மட்டும் கேட்கவில்லை. பீரோவின் தலையிலிருந்த தகரப் பெட்டியை அப்பா கேட்டிருப்பார், அதை இறக்கித்தான் ஆகவேண்டும் என்று நின்றாள். இறக்கினார்கள். உள்ளே ஒரு கொக்கியும், வியர்வையில் கறுத்துப்போன சும்மாடும் இருந்தன. தலையில் சுமை அழுத்தாமலிருக்க வைக்கும் அந்தத் துணிச்சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நாத்தனார் வெகுநேரம் முதுகு குலுங்க உட்கார்ந்திருந்தாள். பிறகு அதைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "இதத்தான் கேட்டிருப்பாரு" என்றாள். இருக்கலாம். ஆனால் பீரோ இருந்தது கால்மாட்டுப் பக்கம். அவர் பார்த்தது அந்தப் பக்கமே இல்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவள் விட்டுவிட்டாள்.

நாத்தனார் ஊருக்குப் போனபின் வீடு அமைதியாயிற்று. அவளுக்கு எங்கே உட்கார்வதென்று தெரியவில்லை. காது மட்டும் கட்டில் பக்கம் போய்ப் போய் வந்தது. பிளீச்சிங் பவுடர் தூவும்போது, தட்டு கழுவும்போது, திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "என்ன மாமா?" என்று கேட்டுவிடுவாள். தலையணையா, திரையா, கையா, தரையா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். ஒன்றும் பொருந்தாது. சாகப்போகிறவர் உளறியிருப்பார் என்று ஒருத்தர் சொன்னார். அதை மட்டும் அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மாமா உளறி அவள் பார்த்ததில்லை. இருந்த இரண்டு சொல்லையும் அவர் வீணாகச் செலவழித்ததில்லை.

அன்று காலையிலிருந்து வாசல் சுவரைத் தேய்த்துத் தேய்த்துத் தோள் கழன்றுவிட்டது. புருஷன் சமையலறையில் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் கூடத்துக்கு வந்தாள். முக்காலியைப் பார்த்தாள். அது அந்த நாளில் போட்ட இடத்திலேயே, ஜன்னலோரம் நின்றது. கட்டிலும் செங்கற்களின் மேல் அப்படியே நின்றது. மெத்தையில்லாத வெறும் பலகைக் கட்டில். அசதியில் ஒன்றும் யோசிக்காமல் அதில் ஏறி மல்லாந்து படுத்தாள். தலை, அவர் தலை இருந்த இடத்தில் சரியாக விழுந்தது.

கண்ணைத் திறந்தபோது ஜன்னலுக்கு மேலிருந்த பலகையின் அடிப்பக்கம் தெரிந்தது.

நின்று பார்த்தால் தெரிவது முன்னால் தொங்கும் பிளாஸ்டிக் விரிப்பு மட்டும்தான். இத்தனை நாள் அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். படுத்துப் பார்த்தால் விரிப்புக்குப் பின்னால் தெரிந்தது. பலகை நடுவில் தொட்டில்போல் தொய்ந்திருந்தது. அதன் குறுக்கே ஒரு விரிசல் ஓடியிருந்தது. இடது பக்கத் தாங்கியின் மேல் திருகாணி சுவரைவிட்டுப் பாதி வெளியே வந்து, சுற்றிலும் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. தொய்ந்த இடத்தின் மேலே மெஷின். அதற்கு நேர் கீழே முக்காலி.

அவள் முக்காலியைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். இடது மணிக்கட்டில் நசுங்கிய வளையல் இன்னும் கிடந்தது, கழற்ற மனம் வரவில்லை. அதை வலது கையால் பிடித்துக்கொண்டாள். கனம் கீழ, காத்து மேல.

"மாமா" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"என்ன?" என்றான் உள்ளேயிருந்து புருஷன்.

"இங்க வாங்க. வந்து ஒரு கை குடுங்க."

அவன் துடைப்பத்தோடு வந்து நின்றான். "என்னத்துக்கு?"

"மெஷின இறக்கணும்."

"தரை இன்னும் காயலையே. எலக்ட்ரீஷியன் என்ன சொன்னாரு?"

"இறக்கணும்" என்றாள் மறுபடி. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தான். முக்காலியை அவள் காலால் தள்ளித் தூரப் போட்டாள். செங்கல்மேல் உயர்ந்து நின்ற கட்டிலில் இருவரும் ஏறி நின்று, பக்கவாட்டிலிருந்து எட்டிப் பிடித்து, இரும்புத் தலையை மெல்ல மெல்லத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். சுவரில் ஏதோ கிரீச்சிட்டது. "பாத்து, பாத்து" என்றான் அவன். கனம் முழுவதும் நான்கு கைக்கு வந்தது. அப்படியே குனிந்து, கட்டிலின் தலைமாட்டில் அதை வைத்தார்கள்.

கனம் போனதும் பலகை சின்னதாக ஒரு சத்தம் போட்டு, கொஞ்சமாக நிமிர்ந்தது. திருகாணி கழன்று தரையில் விழுந்து உருண்டு போயிற்று.

அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, தள்ளிக் கிடந்த முக்காலியைப் பார்த்தான்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முந்தானையால் மெஷினின் மேலிருந்த சுண்ணாம்புப் பொடியைத் துடைத்தாள்.

"இறக்கியாச்சு மாமா" என்றாள்.